எல்லாக் கன்னத்துக்கும் ஒரே கல்

பிளேடு விஷயத்தில் மட்டும் என் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு ஒன்று. உறையோடு எடுத்து, நாற்காலியில் இருப்பவர் கண்ணெதிரே பிரித்து, வித்தைக்காரன் வெறுங்கையைக் காட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் காட்டிவிட்டுத்தான் கத்திப் பிடியில் செருகுவார். வேலை முடிந்ததும் அதே ஆள் பார்க்க, மூடி போட்ட தகர டப்பாவுக்குள் தள்ளிவிடுவார். ரெண்டாவது ஆளுக்கு அதே பிளேடு நம்ம கடையில் கிடையாது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறார். உண்மைதான், எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன்.

அந்தப் புது பிளேடு கீறின இடத்தில் தேய்க்கிறாரே ஒரு படிகாரக் கல், அதில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு.

சோப்புக் கட்டி அளவில் ஒரு கல். கண்ணாடிக்குக் கீழே கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். ஷேவ் முடிந்ததும் தண்ணீரில் நனைத்துக் கன்னம் முழுக்க இழுப்பார். ரத்தம் எட்டிப் பார்க்கிற இடத்தில் ஓர் அழுத்து அழுத்துவார், நின்றுவிடும். கல் கிண்ணத்துக்குத் திரும்பும். அடுத்த ஆள் வருவார். புது பிளேடு, அதே கல். தன் விரலை வெட்டிக்கொண்டாலும் அதே கல்லில்தான் தேய்த்துக்கொள்வார். காலையிலிருந்து கடை சாத்துகிற வரைக்கும் அது போய் வந்த கன்னங்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையும்.

நான் இதையெல்லாம் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவள் இல்லை. எங்கள் கடை ஒரே அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு, அது கூரை வரைக்கும் எட்டாது. அந்தப் பக்கம் அவருடைய இரண்டு நாற்காலிகள். இந்தப் பக்கம் என் மேஜை, விளக்கு, கால் ஊற வைக்கிற தொட்டி. பெண்களுக்கு நகம் வெட்டி, ஓரத்துத் தோல் எடுத்து, பாலிஷ் போடுகிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கக் கடைக்கு ஒருத்தர் சுகாதார அலுவலகத்தில் ஒரு நாள் வகுப்புக்கு வர வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைக்கு மேல வேலை, நீ போய் உட்கார்ந்துட்டு வா என்று என்னை அனுப்பினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வகுப்பு எடுத்த அம்மாள் முதலில் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் மேஜையில் எல்லா வாடிக்கையாளர் தோலிலும் படுகிற பொருள் எது, யோசித்துப் பாருங்கள் என்றார். எல்லோரும் பிளேடு, கத்தரி என்று அடுக்கினார்கள். படிகாரத்தை ஒருத்தரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை நாங்கள் மருந்துக் கணக்கில் வைத்திருந்தோம். படிகாரம் ரத்தத்தைத்தான் நிறுத்தும், ரத்தத்தில் இருக்கிறதை நிறுத்தாது என்றார் அந்த அம்மாள். ஹெபடைடிஸ் பி என்று ஒரு கிருமி கல்லீரலை மெல்ல அரிக்குமாம். காய்ந்துபோன ரத்தத்திலும் ஒரு வாரம் உயிரோடு கிடக்குமாம். அது இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாதாம், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பாராம். அதனால் வருகிற எல்லோருக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார். உலோகச் சாமான்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மருந்தில் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். கழுவ முடியாததை ஒரு ஆளோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கேட்டுக்கொண்டே என் மேஜையை நினைத்துப் பார்த்தேன். நகத்தைப் பளபளப்பாக்க ஒரு ஸ்பாஞ்சுக் கட்டை வைத்திருந்தேன். மாசக் கணக்கில் அதே கட்டை. சும்மா தேய்க்கிறதுதானே என்று நினைப்பு. தோல் எடுக்கிற கட்டரை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து அடுத்தவர் விரலுக்குப் போவேன். இந்த லட்சணத்தில் பத்து வருஷம். வீட்டுக்கு வரும் வழியிலேயே மருந்தும் மூடி போட்ட தட்டும் வாங்கிவிட்டேன், கட்டையைக் குப்பையில் போட்டேன். என் பக்கம் ஒரே நாளில் மாறிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றத்தான் தலைகீழாக நின்று பார்த்தேன்.

கல்லுக்குப் பதிலாகப் பொடி இருக்கிறது, பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சைப் போட்டுவிடலாம் என்றேன். பொடி குளிர்ச்சியாக இருக்காது, ஆட்கள் கன்னத்தில் கல் இழுத்தால்தான் ஷேவ் பண்ணின மாதிரியே நினைப்பார்கள் என்றார். கல்லே கிருமியைக் கொன்றுவிடும் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் யார் செத்தார்கள் என்று கேட்டார். அதுதானே, இருபது வருஷம் கழித்துக் கல்லீரல் கெட்டுச் சாகிறவன் ஷேவிங் கடையிலா வந்து பழி சொல்வான் என்று நான் கேட்டேன். ஒரு நாள் வகுப்புக்குப் போனதற்கே இந்தப் பேச்சா, நல்லவேளை இரண்டு நாள் வைக்கவில்லை என்றார். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். ஒரு மாசம் கரடியாகக் கத்தினேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்போதுதான் லிஃப்ட்காரர் வந்து அதைச் சொன்னார். எங்கள் தெருவைச் சுற்றியுள்ள மாடிக் கட்டடங்களில் எல்லா லிஃப்டையும் ரிப்பேர் பார்க்கிறவர், அவர் கை பட்டால்தான் அவை ஏறி இறங்கும். வாரம் இரண்டு முறை ஷேவுக்கு வருவார். இடது கன்னத்தில் ஒரு சின்ன மரு. எவ்வளவு பார்த்து இழுத்தாலும் அதில் ஒரு சொட்டு ரத்தம் வந்தே தீரும். அன்றைக்கு நாற்காலியில் உட்காராமல் நின்றார். கம்பெனியில் ரத்ததானம் பண்ணினாராம். அங்கிருந்து கடிதம் வந்ததாம், மேலே சோதனை பண்ணிப் பார்த்ததில் ஹெபடைடிஸ் பி என்று உறுதியாகிவிட்டதாம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எங்கள் தடுப்பின் லட்சணத்தில் எனக்கு எல்லாம் கேட்டது.

"உன்கிட்ட சொல்லாம உக்கார மனசு வரல. வேணாம்னா சொல்லிடு, நான் வீட்லயே பண்ணிக்கிறேன்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் தாராள மனசு. அதையும் சொல்லத்தான் வேண்டும். உட்காருங்கண்ணே, என்கிட்ட ஆளுக்கு ஒரு பிளேடு, எனக்கென்ன பயம் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். புது பிளேடை இரண்டு பக்கமும் காட்டினார். எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. நான் ஒரு அம்மாளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கல்லைத் தண்ணீரில் நனைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கல் கிண்ணத்தில் விழுகிற சத்தம். லிஃப்ட்காரர் எழுந்து சட்டையை உதறினார். என் வீட்டுக்காரர் அடுத்த ஆளை வா மச்சான் என்று கூப்பிட்டார்.

அடுத்து உட்கார்ந்திருந்தது என் கூடப் பிறந்த தம்பி.

கட்டரைத் தட்டில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன். என்ன சொல்வது? லிஃப்ட்காரர் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். கடையில் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். கல்லை எடு என்று கத்தினால் மனுஷன் நம்பிச் சொன்னது தெருவுக்குப் போய்விடும். கத்தாவிட்டால் என் தம்பி கன்னம். கல்லில் முடி ஒட்டியிருக்கிறது, கழுவிக் கொண்டு வருகிறேன் என்று கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். கல்லைக் குப்பை டப்பாவில் போட்டேன். தம்பி கல் இல்லாமலே எழுந்து போனான். போகிற போக்கில், இன்னைக்கு ஷேவ் பாதிதான் ஆச்சு போலிருக்கு என்று கிண்டல் வேறு.

அன்றைக்குக் கடை சாத்தினதும் நடந்ததை அவரிடம் பிட்டுப் பிட்டு வைத்தேன். அவர் முகம் வெளுத்தது. ஆமாம், கையில் வந்த பழக்கம், யோசிக்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். அப்பாடா, விடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கல் வாங்கி வந்தார். ஒன்றை எப்போதும் போலக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். இன்னொன்றைத் தனிக் கிண்ணத்தில் போட்டு, என் மேஜையிலிருந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து அந்தக் கிண்ணத்தில் ஒரு புள்ளி வைத்தார். போர்த்துகிற துணியில் ஒன்றை எடுத்து அதன் ஓரத்திலும் ஒரு புள்ளி. தனியாக ஓர் ஆணியில் மாட்டினார்.

"அண்ணனுக்குத் தனிக் கல்லு. இப்ப உனக்குத் திருப்திதானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஒரு ஆளுக்குத் தனிக் கல். தெரியாத அத்தனை பேருக்கும் பழையபடி ஒரே கல். இதைவிடத் தலைகீழாக ஒருத்தர் யோசிக்க முடியுமா? சொன்னவரை நமக்குத் தெரியும், சொல்லாதவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சொல்லாதவனுக்கு இல்லை என்றுதானே அர்த்தம் என்றார். தெரிந்தால்தானே சொல்வான் என்றேன். செவிடன் காதில் ஊதின சங்கு.

நாலு நாள் கழித்து லிஃப்ட்காரர் வந்தார். நான் தடுப்போரமாக நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் தனி ஆணியிலிருந்து தனித் துணியை எடுத்துப் போர்த்தினார். தனிக் கிண்ணத்தை இறக்கினார். லிஃப்ட்காரர் தன் மார்பில் இருந்த புள்ளியைப் பார்த்தார், கிண்ணத்தில் இருந்த புள்ளியைப் பார்த்தார், பக்கத்து நாற்காலிக்காரர் மேலிருந்த துணியையும் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் இவருடையதைப் பார்த்தார். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் எப்போதும் போல நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவே இல்லை.

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நல்ல மனுஷனை விரட்டிவிட்டீர்கள் என்றேன். நான் எங்கே விரட்டினேன், அவருக்காகத்தானே தனியாகச் செலவு பண்ணினேன் என்று அவர் எகிறினார். கடையில் ஆள் இல்லாத மத்தியானம், இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைப் பார்த்தே சண்டை போட்டோம்.

"எல்லாருக்கும் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு வேலை செய்யணுங்க. அவ்வளவுதான் விஷயம்."

"வர்றவனையெல்லாம் வியாதிக்காரன்னு நினைச்சா, அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? கன்னத்துல எப்படிக் கைய வைக்கிறது?"

"உங்களுக்கே இருந்தா?"

எனக்கா என்று சிரித்தார். வாங்க, இரண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பார்ப்போம், உங்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் இனி கல்லைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று சவால் விட்டேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு. அவர் விரலில் வெட்டுப் படாத நாள் கிடையாது, அந்தக் கல்லில் தேய்க்காத நாளும் கிடையாது. கெட்ட எண்ணம் இல்லை, பயத்தில்தான் கூப்பிட்டேன். ஆனால் ஒரு ஓரத்தில், இந்த மனுஷன் வாயை ஒரு தாள் அடைக்கட்டும் என்றும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. முடிவு வாங்கப் போன அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து அவரைத் தேற்ற வேண்டிய வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

நர்ஸம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இன்னும் சில ரத்தச் சோதனை, ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரை உண்டு, பல பேர் நன்றாகவே வாழ்கிறார்கள் என்றார். சேர்ந்து சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் குடிப்பதால் வராது என்றார். அவருக்கு மூன்று தவணைத் தடுப்பூசி, முதல் ஊசி இன்றைக்கே என்றார். கையுறை போட்டு, சாமான்களைச் சுத்தம் பண்ணி நீங்கள் தாராளமாக வேலை செய்யலாம் என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். பிறந்தபோதே வந்திருக்கலாம், வேலையில் விரல் குத்தி வந்திருக்கலாம், இனி கண்டுபிடிக்க முடியாது என்றார்.

கல்லை எல்லோர் கன்னத்திலும் இழுத்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளப் போனார். ஒரு மாசம் உபதேசம் பண்ணின நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த ஸ்பாஞ்சுக் கட்டையும் துடைத்துத் துடைத்து வைத்த கட்டரும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பத்து வருஷத்தில் எத்தனை விரல்கள். எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை விடு, என்னிடமிருந்து எங்கே போனது என்று யார் எனக்குச் சொல்வார்கள்?

கடைக்கு வந்ததும் அவர் ஷட்டரைப் பாதிதான் தூக்கினார். விளக்கைக்கூடப் போடவில்லை. உனக்குப் போய் எப்படி என்று மெல்ல ஆரம்பித்தார். நான் என் மேஜைக்குப் போய்ச் சிவப்பு பாலிஷ் புட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"எனக்கும் ஒரு புள்ளி வெச்சிடுங்க. தட்டு, டம்ளர், தலகாணி எல்லாத்துலயும் வெச்சிடுங்க" என்றேன்.

அவர் அந்தப் புட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு இரண்டு கிண்ணத்தையும் கல்லோடு எடுத்துப் போய்ப் பின்பக்கக் குப்பையில் கொட்டினார். புள்ளி வைத்த துணியைக் கிழித்தார். மறுநாள் காலையில் பொடியும் பஞ்சும் வாங்கி வந்தார். என்னைப் போலவே மருந்துத் தட்டு வைத்தார்; சீப்பு, கத்தரி, மெஷின் முனை எல்லாவற்றுக்கும் ஒரே முறை. யார் வந்தாலும் துவைத்த துணி. கல் எங்கே என்று கேட்டவர்களிடம், இனிமேல் கல் கிடையாது, வேண்டுமென்றால் வாங்கி உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒரு மாசம் நியாயத்தைச் சொன்னேன், அசையவில்லை. என் பெயர் போட்டு ஒரு தாள் வந்ததும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஒருத்தருக்கு வந்துதான் புரிய வேண்டுமென்றால் எத்தனை பேருக்கு வர வேண்டும்?

என் பக்கமும் கையுறை வந்தது. கேட்டவர்களிடம் புது விதி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. தினமும் சொல்லிவிடலாம் என்று கடை திறப்பேன், தினமும் சொல்லாமல் சாத்துவேன். லிஃப்ட்காரர் எங்கள் நாற்காலி பக்கத்தில் நின்று சொன்னாரே, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அவரைத் திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தானே போகிறேன் என்றார், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றார். சரி, நானே போனேன்.

நாலாவது தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தார். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து, பள்ளத்துக்குள் டார்ச் அடித்துக் குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, வாம்மா என்றார். அதே மரியாதை, ஒரு குறையும் இல்லை. நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். கல் போய்விட்டது, புள்ளி போய்விட்டது, இப்போது எல்லோருக்கும் ஒரே முறை, உங்களுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை, நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்றேன். எனக்கும் இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நல்லது செஞ்சீங்க என்றார். அப்போதுதான் அவர் முகம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பியது. ஷேவ் பண்ணி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இடது கன்னத்து மருவில் ஒரு துளி காய்ந்திருந்தது. அதைச் சுற்றி, தண்ணீர் காய்ந்த பிறகு படிகாரம் விட்டுப் போகிற அந்த வெள்ளைத் தடம்.

"வேற கடைக்குப் போறீங்களா அண்ணே?"

"ஆமாம்மா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒண்ணு. புது பிளேடுதான் போடுறான்."

"அங்க சொன்னீங்களா?"

அவர் டார்ச்சை அணைத்தார். "ஒரு தடவ சொல்லிப் பாத்தேனேம்மா" என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? காலையிலிருந்து நான் மூன்று பேருக்கு நகம் வெட்டிவிட்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் வந்து நிற்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவில்லை. உங்களுக்கு அப்புறம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"யாரோ ஒருத்தர்மா. பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தார், நான் முகத்தச் சரியா பாக்கல" என்றார்.